ஸ்டாக் இன்ஜினுக்குப் பெர்ஃபாமன்ஸ் கேம்: எங்கே சறுக்குகிறோம்?

பழைய எஸ்டீம், ஜென், முதல் தலைமுறை ஹோண்டா சிட்டி வைத்திருக்கும் பையன்கள் மதுரைப் பட்டறைகளில் முதலில் கேட்பது இதுதான்: "அண்ணே, கேம் மாத்துனா எவ்வளவு ஹெச்பி ஏறும்?" கேம் என்பது இன்ஜின் வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட். எந்த ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) ஏறும், எந்த ஆர்பிஎம்மில் இறங்கும் என்றுதான் கேட்க வேண்டும். மற்றதெல்லாம் கம்பெனியில் வந்தபடியே இருக்கிற இன்ஜினில், மேலே கிடைக்கிற பவருக்குக் கீழே உள்ள இழுவையைத்தான் விலையாகக் கொடுக்கிறோம்.

அதனால் கேட்லாக்கைப் புரட்டும் முன்பு ஒரு வாரம் டேக்கோமீட்டரைக் கவனியுங்கள். காளவாசலிலிருந்து மாட்டுத்தாவணி போய்ச் சேர்வதற்குள் முள் பெரும்பாலும் 1,500-க்கும் 3,000-க்கும் இடையில்தான் ஆடும். திருமங்கலம் தாண்டி நான்குவழிச் சாலையில் டாப் கியரில் சீராகப் போனாலும் 3,500 பக்கம்தான் நிற்கும். 6,000-ஐத் தொடுவதெல்லாம் லாரியை முந்தும் அந்தச் சில நொடிகள் மட்டும். 4,000-க்கு மேல் உயிர் வரும் கேமைப் போட்டால், ஓட்டும் நேரத்தில் முக்கால்வாசி வண்டி முன்பைவிட மந்தமாகத்தான் இருக்கும்.

இதற்குக் காரணம் இன்லெட் வால்வு மூடும் நேரம். பிஸ்டன் கீழே போய்த் திரும்பி மேலே ஏறத் தொடங்கிய பிறகுதான் அந்த வால்வு மூடுகிறது. ஸ்டாக் கேமிலும் அப்படித்தான். இன்ஜின் வேகமாகச் சுற்றும்போது உள்ளே பாயும் காற்று அதே வேகத்தில் இன்னும் கொஞ்சம் நிரம்பும், அது லாபம். மெதுவாகச் சுற்றும்போது, உள்ளே வந்த காற்றையே பிஸ்டன் காற்று வந்த குழாயான மேனிஃபோல்டுக்குத் திருப்பித் தள்ளிவிடும். டியூரேஷன், அதாவது வால்வு திறந்திருக்கும் காலம் (கிராங்க் சுழலும் டிகிரியில்), கூடக் கூட இந்த மூடல் தள்ளிப்போகிறது. கம்ப்ரஷன் ரேஷியோ (காற்றை எத்தனை மடங்கு அழுத்துகிறது என்ற கணக்கு) 9 என்று மேனுவலில் இருந்தாலும் சிலிண்டரில் அவ்வளவு அழுத்தம் சேராது. பெரிய கேம் போடும் ரேஸ்காரர்கள் கம்ப்ரஷனையும் சேர்த்து ஏற்றுவது இதனால்தான். ஹோண்டா 1989-இல் இன்டெக்ராவில் விடெக் கொண்டுவந்து, குறைந்த வேகத்துக்கு ஒரு கேம் வடிவம், அதிக வேகத்துக்கு வேறொன்று என்று ஒரே ஷாஃப்ட்டில் வைத்ததும் இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான்.

டியூரேஷன் எண்ணை அப்படியே நம்பி ஒப்பிடுவது அடுத்த தவறு. வால்வு லேசாக அசைந்ததுமே அளக்கத் தொடங்கும் கம்பெனி 260 டிகிரி என்று போடும். அதே கேமை 1 மி.மீ. தூக்கியதிலிருந்து அளந்தால் 215 பக்கம் வரும். எந்த இடத்திலிருந்து அளந்தது என்று தெரியாமல் இரண்டு கேமை ஒப்பிடவே கூடாது. லிஃப்ட்டிலும், அதாவது வால்வை எவ்வளவு தூக்குகிறது என்பதிலும், ஒரு கணக்கு உண்டு. வால்வு விட்டத்தில் கால் பங்கு தூக்கியதும் அதைச் சுற்றியுள்ள இடைவெளியின் பரப்பு வால்வின் பரப்புக்குச் சமமாகிவிடும், 35 மி.மீ. வால்வுக்கு அது 8.75 மி.மீ. அதற்கு மேல் சிலிண்டர் ஹெட்டுக்குள் காற்று போகும் வழியான போர்ட்தான் முட்டுக்கட்டை. போர்ட்டைத் தொடாமல் லிஃப்ட்டை மட்டும் ஏற்றினால் ஸ்பிரிங் தேய்வதுதான் மிச்சம்.

ஐடிலிங்கில் வரும் அந்த 'டுப் டுப்' சத்தத்துக்காகவே கேம் வாங்குபவர்களும் உண்டு. அந்தச் சத்தம் ஓவர்லேப்பால் வருவது. இன்லெட், எக்ஸாஸ்ட் இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் நீளும்போது எரிந்த புகை இன்டேக்கில் கலந்து வேக்குவம், அதாவது இன்ஜின் உறிஞ்சும் இழுப்பு, குறைகிறது. மே மாத வெயிலில் ஏசியைப் போட்டுக்கொண்டு சிக்னலில் நின்றால் வண்டி நடுங்கும், சில நேரம் அணைந்தும் போகும். பிரேக் விஷயம் இதைவிட முக்கியம். பெடல் மிதிப்பை லேசாக்கும் பிரேக் பூஸ்டர் வேலை செய்வது அந்த வேக்குவத்தில்தான். நல்ல ஸ்டாக் இன்ஜின் மதுரையில் ஐடிலிங்கில் வேக்குவம் கேஜில் 18 அங்குலம் (பாதரச அளவு) பக்கம் காட்டும். ஏறக்குறைய ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் ஓர் அங்குலம் குறையும். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். அங்கே 11 தான் மிஞ்சும். இங்கேயே 12 காட்டும் கேமோடு மேலே போனால் ஐடிலிங்கில் 5 அங்குலம்தான். கியரில் இறங்கும்போது வேக்குவம் கூடும், சரி. ஆனால் வளைவில் நெரிசலில் கிளட்சை மிதித்து ஊர்ந்துகொண்டே இரண்டு மூன்று தடவை பிரேக் அடித்தால் பெடல் கட்டையாகிவிடும். குடும்பத்தோடு மலையேறும் வண்டிக்கு அப்படியொரு கேம் வேண்டவே வேண்டாம் என்பேன்.

மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் உள்ள வண்டியில் இன்ஜின் கம்ப்யூட்டரான ஈசியூவும் குழம்பும். வேக்குவம் குறைந்ததை லோடு கூடிவிட்டதாக எடுத்துக்கொண்டு பெட்ரோலைக் கூட்டும். ட்யூனிங் செலவையும் சேர்த்துத்தான் கேம் விலையைப் போட வேண்டும்.

காசு மிச்சம் என்று பழைய கேமையே அரைத்து வடிவம் மாற்றித் தரச் சொல்வார்கள். அரைக்கும்போது மேலே உள்ள கடினப்பட்ட அடுக்கு போய்விட்டால் கேம் வெண்ணெய் போலத் தேயும். கேமின் மேடில்லாத வட்டப் பகுதியான அடிவட்டமும் சிறுத்துவிடுவதால், கேமுக்கும் வால்வுக்கும் நடுவே விடும் டேப்பெட் கிளியரன்ஸ் என்ற இடைவெளிக் கணக்கே மாறிவிடும். கடினத்தன்மையைச் சோதித்துத் தராத கடையில் கொடுக்காதீர்கள்.

பிஸ்டனும் வால்வும் இடிக்காது என்று மெக்கானிக் வாயால் சொன்னால் போதாது, அளந்து காட்டச் சொல்லுங்கள். ஹெட்டைக் கழற்றி, பிஸ்டன் தலையில் வால்வு இறங்கும் இடத்தில் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை ஒட்டி, லேசாக எண்ணெய் தடவி, ஹெட்டை மாட்டி டைமிங் வைத்து, கிராங்க்கை ஸ்பேனரால் கையாலேயே இரண்டு சுற்று சுற்றுவார்கள். திரும்பக் கழற்றிப் பார்த்தால் வால்வின் அச்சு பதிந்திருக்கும். அதில் மெல்லிய இடத்தை பிளேடால் வெட்டி அளக்க வேண்டும். இன்லெட்டுக்கு 2 மி.மீ., எக்ஸாஸ்ட்டுக்கு 2.5 மி.மீ. இருந்தால் நிம்மதி. முழு லிஃப்ட்டில் ஸ்பிரிங் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிடாமல் இருக்கிறதா என்றும் அதே நாளில் பார்த்துவிடலாம்.

டைமிங் குறியை நம்பி மாட்டிவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. கேம் புல்லியில் 36 பல் இருந்தால், ஒரு பல் தள்ளியதும் கிராங்க்கில் 20 டிகிரி தப்பிவிடும். இன்ஜின் சூடேறி எப்போதோ ஹெட்டின் அடிப்பரப்பை மழித்திருந்தால், குறி சரியாக இருந்தாலும் கேம் கொஞ்சம் பின்தங்கியே நிற்கும். கிராங்க்கில் மாட்டும் டிகிரி தட்டும் வால்வு அசைவை அளக்கும் டயல் கேஜும் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

சட்டத்தையும் மறக்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு அனுமதியில்லாத மாற்றங்களைத் தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்க இடமுண்டு. ஓவர்லேப் கூடிய வண்டி ஐடிலிங் புகைப் பரிசோதனையிலும் தடுமாறும்.

எல்லாம் பார்த்துச் சின்ன கேமாகவே தேர்ந்தெடுத்தாலும், கேமின் மேல் ஓடி வால்வைத் தள்ளும் பழைய ராக்கர், டேப்பெட்டை அதன்மேல் போடாதீர்கள். பழைய தேய்மானத் தடம் புதிய கேமைத் தின்றுவிடும். உரசி ஓடும் வகை கேம் என்றால் அசெம்ப்ளி பேஸ்ட் தடவி, ஸ்டார்ட் ஆனதும் ஐடிலிங்கில் விடாமல் 2,000 முதல் 2,500-க்குள் இருபது நிமிடம் ஓட விடுங்கள். அப்புறம் ஆயிலை மாற்றிவிட்டு டேப்பெட் கிளியரன்ஸை மறுபடி வையுங்கள். அதற்கு வண்டியின் மேனுவல் அளவு செல்லாது, கேமோடு வந்த தாளில் உள்ள அளவையே வைக்க வேண்டும்.