படம் எடுக்கும் முன் பல்புகளைப் பாருங்கள்

வீட்டை விற்பதற்காகப் படம் எடுக்கும் முன்னால், ஒரே அறையில் உள்ள எல்லா பல்புகளையும் ஒரே நிற வெளிச்சத்துக்கு மாற்றிவிடுங்கள். பல்பு அட்டையில் அந்த நிறத்தின் அளவு 3000 கெல்வின், 4000 கெல்வின் என்று போட்டிருக்கும், எதுவானாலும் சரி, கலக்கக் கூடாது. நம் கண் இரண்டையும் சமாளித்துக்கொள்ளும், ஆனால் கேமரா பொதுவாக ஒரு படத்துக்கு ஒரு வெளிச்சத்தைத்தான் வெள்ளையாக எடுத்துக்கொள்ளும் என்பதால், மற்ற பல்பு விழும் இடமெல்லாம் மஞ்சளாகவோ நீலமாகவோ தெரிந்து, புதுசாக பெயிண்ட் அடித்த சுவர்கூட அழுக்கேறியது போல் ஆகிவிடும். பெரிய ஜன்னல் உள்ள அறையைப் பகலில் எடுப்பதானால் இந்த வேலையே வேண்டாம், எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு எடுங்கள். அப்புறம், ஈரம் ஊறிய சுவருக்கு எந்த பல்பும் உதவாது, அதை முதலில் சரிசெய்தாக வேண்டும்.