பட்ஜெட்டில் அறிவிக்காத வரியைக் கண்டுபிடிப்பது எப்படி?

பட்ஜெட் உரை முடிந்ததுமே தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள சாட்ஸ்வொர்த்தில் என்னிடம் கணக்கு எழுதக் கொடுக்கும் கடைக்காரர்கள் கேட்பது ஒன்றுதான்: "எது ஏறியிருக்கிறது?" ஏறியதைத் தொலைக்காட்சியே சொல்லிவிடும். எது அசையாமல் அப்படியே நிற்கிறது என்று பாருங்கள் என்பேன். மாதச் சம்பளக்காரரின் பணம் சத்தமில்லாமல் கரைவது அந்த வழியாகத்தான்.

நிதியமைச்சர் உரையாற்றும் நாளிலேயே தேசியக் கருவூலத்தின் இணையதளத்தில் எல்லா ஆவணங்களும் வந்துவிடும். தடிமனான பட்ஜெட் அறிக்கை நமக்கு வேண்டாம். வரி வசூலிக்கும் அரசு நிறுவனமான சார்ஸ் வெளியிடும் வரிக் கையேடு போதும். அதில் தனிநபர் வருமான வரி அட்டவணையை எடுத்து, சென்ற ஆண்டு அட்டவணையின் பக்கத்தில் வையுங்கள். எண்கள் மாறவில்லை என்றால், உங்கள் வரி ஏறிவிட்டது என்று அர்த்தம்.

எப்படி என்று 2025 எண்களை வைத்தே பார்ப்போம். அந்த ஆண்டு வரி அடுக்குகளை விலைவாசிக்கு ஏற்ப உயர்த்தவில்லை. தொடர்ந்து இரண்டாவது ஆண்டாக அப்படியே விட்டார்கள். முதல் 2,37,100 ராண்டுக்கு 18 சதவீதம்; அதற்கு மேல் அடுத்த அடுக்கில் 26 சதவீதம். வந்த வரியில் எல்லாருக்கும் 17,235 ராண்ட் கழிவு இருந்தது.

மாதம் 19,000, அதாவது ஆண்டுக்கு 2,28,000 ராண்ட் வாங்கும் ஒரு தையல் தொழிற்சாலை மேற்பார்வையாளரை எடுத்துக்கொள்வோம். வரி 23,805. அவருக்கு 5 சதவீதச் சம்பள உயர்வு கிடைத்து 2,39,400 ஆகிறது. அதில் 2,300 ராண்ட் மட்டும் அடுத்த அடுக்கில் போய் விழுகிறது. வரி 26,041. அடுக்குகளையும் கழிவையும் அதே 5 சதவீதம் உயர்த்தியிருந்தால் 24,995 கட்டினால் போதும். மீதி 1,046 ராண்ட், எந்த அறிவிப்பும் இல்லாமல் அவரிடமிருந்து போகிறது. இந்தக் கணக்கை உங்கள் சம்பளச் சீட்டை வைத்து ஒருமுறை போட்டுப் பாருங்கள். அது உங்கள் உழைப்பின் காசு.

அடுத்தது, அவசரப்படாதீர்கள். உரை என்பது முன்மொழிவுதான். 2025 பிப்ரவரி 19 அன்று வரவேண்டிய பட்ஜெட், பொருள் வாங்கும்போது விலையோடு சேரும் மதிப்புக் கூட்டு வரியான வாட்டை 15லிருந்து 17 சதவீதமாக்குவதில் ஆளும் கூட்டணிக்குள் எழுந்த தகராறால் தள்ளிப்போனது. மார்ச் 12 அன்று, வாட் மே மாதம் அரை சதவீதம், மறு ஆண்டு அரை சதவீதம் ஏறும் என்றார்கள். ஏப்ரல் 2 அன்று நாடாளுமன்றத்தில் 194க்கு 182 என்ற வாக்கில், பட்ஜெட்டின் மொத்த வரவு செலவு வரையறையான நிதிச் சட்டகம் நிறைவேறியது. அதற்குப் பிறகும் ஏப்ரல் 24 அன்று நிதியமைச்சர் கோடோங்வானா உயர்வைக் கைவிடுவதாக அறிவித்தார். மூன்றாவது பட்ஜெட் மே 21 அன்று வந்தது. எனவே கடை வைத்திருப்பவர்கள் விலைச்சீட்டை மாற்றுமுன் இரண்டைப் பாருங்கள்: எந்தத் தேதியிலிருந்து அமல், அது இன்னும் நிற்கிறதா. வருமான வரி ஆண்டு மார்ச் 1 அன்று தொடங்கும். வாட்டுக்கும் பெட்ரோலுக்கும் வேறு தேதிகள். அந்த ஆண்டு பெட்ரோல் வரி லிட்டருக்கு 16 காசு ஏறியது ஜூன் 4 அன்று. 45 லிட்டர் நிரப்பினால் 7 ராண்ட் 20 காசு.

வாட் பேச்சு எழும்போதெல்லாம் உங்கள் சமையலறையைப் பொருளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அரிசி, பருப்பு, முட்டை, பால், காய்கறி, சூரியகாந்தி எண்ணெய், பழுப்பு ரொட்டி, டின் மீன் குழம்புக்கு வாங்கும் பில்சர்ட் மீன் ஆகியவற்றுக்கு வாட் பூஜ்யம். 2019 ஏப்ரலிலிருந்து கேக் மாவும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. கோழி, ஆட்டிறைச்சி, வெள்ளை ரொட்டி, மசாலாத் தூள் எல்லாவற்றுக்கும் 15 சதவீதம் உண்டு. கடைச் சீட்டில் ஒரு கோழி 115 ராண்ட் என்றால் அதில் 15 ராண்ட் வரி. விலையை 115ஆல் வகுத்து 15ஆல் பெருக்கினால் வாட் உள்ள எந்தப் பொருளுக்கும் வரி தெரிந்துவிடும். கோழியை இன்னும் பூஜ்ய வாட் பட்டியலில் சேர்க்காதது எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது. ஏழை வீட்டுச் சட்டியில் வாரத்தில் வேகும் ஒரே இறைச்சி பல சமயம் அதுதான்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அட்டவணையின் கீழ்ப்பகுதியையும் படியுங்கள். 2025 அட்டவணையில் 65 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு 95,750 ராண்ட் வரை வரி இல்லாமல் இருந்தது. 65 முதல் 74 வரை 1,48,217. அதற்கு மேல் 1,65,689. வங்கி வட்டியில் 65க்குக் கீழ் 23,800, மேல் 34,500 ராண்டுக்கு விலக்கு உண்டு. என் வாடிக்கையாளரான ஒரு மாமாவுக்கு ஜனவரியில் 65 நிறைந்தது. "இரண்டு மாதத்துக்குத்தானே சலுகை?" என்றார். இல்லை மாமா, வரி ஆண்டின் கடைசி நாளான பிப்ரவரி முடிவில் 65 நிறைந்திருந்தால் முழு ஆண்டுக்கும் கூடுதல் கழிவு (2025 அட்டவணைப்படி 9,444 ராண்ட்) கிடைக்கும் என்றேன். இப்படி நடு ஆண்டில் வயது நிறைகிறவர்கள் பிறந்த தேதியைச் சம்பளப் பிரிவில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அங்கே கழிக்காமல் விட்டிருந்தால், வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கேட்டு வாங்கிவிடலாம்.