முதல் கஞ்சா வழக்கு: அவசரத்தில் செய்துவிடும் தவறுகள்

கல்லூரியில் படிக்கும் பையன் ஒரு பொட்டலம் கஞ்சாவோடு பிடிபட்டான் என்று தகவல் வந்தால், வீட்டில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "எப்போ வெளியே வருவான்?" பெற்ற மனசு அப்படித்தான் கேட்கும். ஆனால் அந்தக் கேள்வியை மட்டும் மனதில் வைத்து எடுக்கும் முடிவுகளால்தான் சில வருடம் கழித்து வேலையும் பாஸ்போர்ட்டும் சிக்கலாகின்றன.

இதில் பெரிய தவறு, கோர்ட்டில் ஒத்துக்கொண்டு அபராதம் கட்டிவிட்டு வருவது. கஞ்சாவில் ஒரு கிலோ வரை 'சிறு அளவு'. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் இதற்கு ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "ஒத்துக்கிட்டா ஃபைனோட விட்டுடுவாங்க, வருஷக்கணக்கா எதுக்கு அலையணும்" என்று கோர்ட் வாசலில் யாராவது சொல்வார்கள். பணத்தைக் கட்டியதும் பையன் வீட்டுக்கு வந்துவிடுவான், சரி. ஆனால் அது டிராஃபிக் அபராதம் போன்றதல்ல. குற்றவாளி என்று கோர்ட் தீர்ப்பே சொல்லிவிட்டது. அடுத்த முறை அதே அளவு தண்டனைக்குரிய குற்றத்தில் தண்டிக்கப்பட்டால், தண்டனை ஒன்றரை மடங்கு வரை போகும். அபராதத்தோடு முடிந்த வழக்கும் அந்தக் கணக்கில் சேரும்.

எந்தப் பிரிவில் வழக்கு என்பதைக் குடும்பங்கள் கேட்பதே இல்லை. புகைத்ததற்காக 27ஆவது பிரிவில் மட்டும் வழக்கு என்றால், 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தின்கீழ் சிறைக்கு அனுப்பாமல் விடும்படி கேட்க முடியும். கையில் வைத்திருந்ததற்காக 20ஆவது பிரிவு என்றால், 18 வயது தாண்டியவருக்கு அந்தச் சலுகை கிடையாது. போதைப்பொருள் சட்டத்தின் 33ஆவது பிரிவு அதைத் தடுக்கிறது. அதே பொட்டலம், அதே பையன், எஃப்.ஐ.ஆரில் எழுதிய எண் மட்டும் வேறு. ஒத்துக்கொள்வதா, வழக்கை நடத்துவதா, ரத்து செய்யச் சொல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போவதா என்பதை எஃப்.ஐ.ஆர், மகஜர் (பொருளைக் கைப்பற்றியபோது எழுதிய பதிவு), ஆய்வக அறிக்கை மூன்றையும் படித்த வழக்கறிஞரோடு உட்கார்ந்துதான் முடிவு செய்ய வேண்டும். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் 15100 என்ற எண்ணில் இலவச சட்ட உதவி கேட்கலாம். கைதாகிக் காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் அந்த உதவி உண்டு.

இனி, ஸ்டேஷனில் நடப்பது. உடம்பைச் சோதிப்பதற்கு முன், கெசட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில் சோதிக்கச் சொல்லும் உரிமை உனக்கு உண்டு என்று போலீஸ் சொல்ல வேண்டும். சட்டத்தின் 50ஆவது பிரிவு இது. கொண்டுபோகும் கைப்பைக்கும் வண்டிக்கும் இது பொருந்தாது. பயத்தில் இருக்கும் பையன், 'எனக்கு அந்த உரிமை தேவையில்லை' என்று எழுதியிருக்கும் தாளில் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டுவிடுகிறான். வெற்றுத் தாளிலும் சரி, படித்துப் பார்க்காத தாளிலும் சரி, கையெழுத்து வேண்டாம். போலீஸிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்துத் தண்டிக்க முடியாது. போதைப்பொருள் தடுப்புப் பிரிவின் அதிகாரிகளிடம் கொடுத்ததற்கும் இதுவே பொருந்தும் என்று 2020இல், தமிழ்நாட்டிலிருந்து போன தூஃபான் சிங் வழக்கில், உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் சொன்னதைப் பின்தொடர்ந்து ஒரு பொருளை எடுத்தால், அந்தப் பகுதி சாட்சியமாக நிற்கும். அதனால் நண்பர்கள் பெயரையெல்லாம் அடுக்கினால் விட்டுவிடுவார்கள் என்று நம்பிப் பேசக் கூடாது.

ஃபோன் தனிக் கதை. நாலு பேர் பங்கு போட்டு ஜிபேயில் அனுப்பிய பணம், "சரக்கு இருக்கா மச்சி" என்ற ஒரு வாட்ஸ்அப் வரி, இவை போதும் 29ஆவது பிரிவில் கூட்டுச்சதி சேர்க்க. 2021 அக்டோபரில் மும்பை சொகுசுக் கப்பல் வழக்கில் கைதான ஓர் இளைஞரிடம் எந்தப் பொருளும் எடுக்கப்படவில்லை. வாட்ஸ்அப் உரையாடல்களைக் காட்டியே ஜாமீனை எதிர்த்தார்கள். மூன்று வாரத்துக்கு மேல் காவலில் இருந்தார். போதிய ஆதாரம் இல்லை என்று 2022 மே மாதம் குற்றப்பத்திரிகையில் அவர் பெயரே இல்லாமல் போனது. அதற்காகப் பயந்துபோய் எல்லாவற்றையும் அழிப்பதும் தவறு. சாட்சியத்தை மறைத்தது என்று புது வழக்கு வரும்.

"கொஞ்சம்தானே" என்ற நம்பிக்கையும் ஆபத்து. ஒரு கிலோ என்பது கஞ்சாவுக்கு மட்டும். எம்.டி.எம்.ஏ. என்ற செயற்கைப் போதைப்பொருள் அரை கிராமைத் தாண்டினாலே சிறு அளவு இல்லை, 10 கிராம் வணிக அளவு. எல்.எஸ்.டி. என்ற இன்னொரு செயற்கைப் போதைப்பொருளுக்கு 0.1 கிராமே வணிக அளவு. தண்டனை குறைந்தது 10 ஆண்டு, ஜாமீனும் மிகக் கடினம். தூளில் கலப்படம் இருந்தால் கலந்த மொத்த எடையையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று 2020இல் ஹீரா சிங் வழக்கில் தீர்ப்பு வந்தது. பார்ட்டிக்கு எல்லோருக்கும் சேர்த்து ஒருவன் வாங்கி வைத்திருந்தால், மொத்த எடையும் அவன் தலையில்தான் விழும்.

ஜாமீனில் வந்த பிறகு வாய்தாவை மறப்பதும் நிறைய நடக்கிறது. பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விடுவான், இங்கே பிடிவாரண்ட் ஏறிவிடும். வர முடியாத நாளில் வக்கீல் மூலம் ஆஜர் விலக்கு மனு போட்டாலே போதும், அதைக்கூடச் செய்வதில்லை.

வேலைக்கான படிவத்தில் மறைப்பது, அபராதம் கட்டும் தவறுக்கு அடுத்தபடி பெரியது. "எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா" என்று கேட்டால், விடுதலையாகியிருந்தாலும் பதில் ஆம்தான். அவதார் சிங் வழக்கில் 2016இல் உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரம்: உண்மையைச் சொன்னவரின் விஷயத்தைப் பரிசீலித்து முடிவெடுக்கும் உரிமை வேலை கொடுப்பவருக்கு உண்டு, மறைத்தால் அதற்காகவே வேலையை ரத்து செய்யலாம். தமிழ்நாடு காவல்துறைத் தேர்வு இன்னும் கடுமை. சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை என்று தீர்ப்பு வந்தாலும், வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே விதி பார்க்கிறது. அந்தக் கனவு இருக்கும் பையனுக்கு, எப்படி விடுதலையானான் என்பதே முக்கியம். இதை வக்கீலிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கோர்ட்டில் வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட் மறுக்கப்படலாம், ஆனால் கோர்ட் அனுமதி வாங்கி விண்ணப்பிக்க 1993இலிருந்தே வழி இருக்கிறது. அமெரிக்க விசா படிவம் கைதைப் பற்றியே நேரடியாகக் கேட்கும். அங்கே தண்டனை மட்டுமல்ல, போதைப்பொருள் குற்றத்தை ஒப்புக்கொண்டதும்கூடத் தடையாகலாம். இங்கே அவசரமாகக் கட்டிய அபராதம் அங்கே போய் நிற்கும்.

18 வயது நிறையாதவர் என்றால் வயதுச் சான்றை முதல் நாளே கொடுத்துவிட வேண்டும். சிறார் நீதிச் சட்டத்தின் 24ஆவது பிரிவு, அந்த வழக்கால் பிற்காலத்தில் தகுதியிழப்பு வராமல் பொதுவாகக் காக்கிறது. வயதைச் சொல்லாமல் விட்டுப் பெரியவர்களுக்கான சிறையில் அடைபட்ட பிறகு ஓடுவது வீண் வேதனை.

கடைசியாக ஒன்று. பையனுக்கு உண்மையிலேயே பழக்கம் இருந்தால், மானத்துக்குப் பயந்து அதை மூடி மறைக்காதீர்கள். சட்டத்திலேயே 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. சிறு அளவு அல்லது பயன்படுத்தியதற்கான வழக்கில், போதைக்கு அடிமையானவர் தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அங்கீகாரம் பெற்ற மையத்திலோ சிகிச்சை எடுத்தால், வழக்கிலிருந்தே விலக்குப் பெறலாம். சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கை எடுத்துவிடலாம். கேட்பவர்கள் குறைவு என்பதால் இதை யாரும் தேடி வந்து சொல்லப் போவதில்லை. முதல் வாய்தாவுக்கு முன்னாலேயே வக்கீலிடமும் மருத்துவரிடமும் நீங்களே கேளுங்கள்.