பானை ஓட்டைக் கழுவும் முன் எழுதிவையுங்கள்

சென்ற மாதம் ஒரு பள்ளியில் ஊர் வரலாற்றுக் காட்சிக்கூடம் அமைக்கிறார்கள் என்று போயிருந்தேன். பிளாஸ்டிக் வாளியில் பானை ஓடுகள் ஊறிக்கொண்டிருந்தன. மூன்று வயல்களில் பொறுக்கியவை, ஒரே வாளியில். இருபது ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே வேலை. காட்சிக்கூடம் அமைக்கும்போது கண்ணாடித் தூசி, எழுத்துப்பிழையெல்லாம் உங்கள் கண்ணுக்கே தெரிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத தவறுகளைச் சொல்கிறேன்.

கிடைத்த இடத்தைத் தொலைப்பது

இருபது ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஒரு கறுப்பு-சிவப்பு ஓடு இருந்தது. அதன் தோள்பகுதியில் ஏணி போன்ற கீறல். காகிதச் சீட்டில் எண் எழுதிப் பசையால் ஒட்டினேன். ஒரே மழைக்காலத்தில் சீட்டுகள் எல்லாம் உதிர்ந்து பெட்டியின் அடியில் கிடந்தன. எது மேட்டில் எடுத்தது, எது கண்மாய்க் கரையில் எடுத்தது என்று இன்றுவரை தெரியாது. பார்க்க வந்த ஆய்வாளர் அந்த ஓட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எங்கே கிடைத்தது?" என்றார். என்னிடம் பதில் இல்லை. பேசாமல் கீழே வைத்துவிட்டார். நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது.

1945இல் புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் மண்ணடுக்கு பார்த்துத் தோண்டினார். இத்தாலியில் செய்த அரிட்டைன் என்ற சிவப்புப் பாண்டங்களின் ஓடுகளுக்குக் காலம் ஏற்கெனவே தெரிந்திருந்தது. உள்ளூர்ப் பானைகளும் அதே அடுக்கில் கிடந்ததால்தான் அவற்றுக்கும் காலம் சொல்ல முடிந்தது. கலந்து அள்ளியிருந்தால் அத்தனையும் வெறும் ஓடுதான்.

எடுத்த கையோடு இடத்தையும் நாளையும் பையிலும் பதிவேட்டிலும் எழுதுங்கள். கழுவி, நிழலில் உலர்த்தி, உட்புறத்தில் எண் எழுதும் இடத்தில் பேரலாய்டு பி-72 என்ற நிறமற்ற அக்ரிலிக் பிசினை மெல்லியதாகப் பூசுங்கள். காய்ந்ததும் மையால் எண், அதன்மேல் இன்னொரு பூச்சு. வேண்டாதபோது அசிட்டோனால் துடைத்துவிடலாம்.

ஊருக்கு ஒரே வயது

கீழடியில் கி.மு. 580 என்பது 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரிமாதிரியின் காலம். மேலே கிடந்த மணிக்கும் அதையே எழுதிவைக்காதீர்கள்.

நீங்களே தோண்டுவது

கூடாது. முதுமக்கள் தாழியின் விளிம்பு தெரிந்தால் மண்ணை மூடிவிட்டு வட்டாட்சியரிடம் சொல்லுங்கள்.

'உலகின் முதல் குடி'

எழுதாதீர்கள்.

அன்று பள்ளியில் வாளியிலிருந்து ஓடுகளை எடுத்துப் பரப்பினோம். ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி விளிம்பு மடிந்த ஓட்டைத் தொட்டு, "இது எங்கள் கொல்லையில் வேப்பமரத்தடியில் எடுத்தது" என்றாள். பதிவேட்டின் முதல் வரியாக அதை எழுதவைத்தேன். பக்கத்திலேயே, 'நினைவிலிருந்து சொன்னது' என்றும்.