வெளிநாடு கிளம்புறதுக்கு முன்னாடி கிரெடிட் கார்டு லிமிட்டை இப்படி கணக்கு போட்டுக்கோங்க

கார்டுல 2 லட்சம் லிமிட் இருக்கு, நாலு நாள் சிங்கப்பூருக்கு அது தாராளமா போதும்னு தான் நானும் நினைச்சு கிளம்புனேன். ஊர்ல இருக்கறப்ப அந்த கணக்கு சரியா வரும், தேய்ச்ச அளவுக்குத் தான் லிமிட் குறையும். வெளிநாட்டுல அப்படி இல்லைங்க, நீங்க ஒரு பைசா செலவு பண்றதுக்கு முன்னாடியே ஹோட்டல்காரங்க உங்க லிமிட்ல ஒரு பெரிய தொகையை பிடிச்சு வச்சுக்குவாங்க, அதுக்குப் பேரு தான் ஹோல்டு. பணம் போகாது, பில்லுலயும் வராது, ஆனா அந்த தொகையை நீங்க தொட முடியாது.

எங்க விஷயத்தையே சொல்றேன். அம்மா அப்பாவோட சேர்த்து ரெண்டு ரூம், காசு ஹோட்டல்ல வந்து கட்டிக்கலாம்னு புக் பண்ணது. ஒரு ரூம் ராத்திரிக்கு 220 சிங்கப்பூர் டாலர், நாலு ராத்திரிக்கு ரெண்டு ரூமும் சேர்த்து 1760, அதோட ரூமுக்கு 100 டாலர் டெபாசிட், ஆக மொத்தம் 1960 டாலரை செக் இன் பண்றப்பவே ஹோல்டு போட்டுட்டாங்க. டாலர் 65 ரூபாய்னு வச்சாலும் 1,27,400 ரூபா. ரெண்டு பேர் ஃப்ளைட் டிக்கெட் பாக்கி 45 ஆயிரம் ஏற்கனவே அதே கார்டுல நிக்குது. ஆக, ஊர் சுத்தி பாக்க ஆரம்பிக்கறப்ப என் கையில இருந்தது 27,600 தான். பரவாயில்ல, அதுக்குள்ள சமாளிச்சோம்.

சிக்கல் வந்தது கிளம்புற அன்னைக்கு காலைல. டாக்ஸி வாசல்ல நிக்குது, கவுண்டர்ல இருந்த பையன் டெபாசிட்டை கழிச்சுட்டு 1760 டாலரை புதுசா மெஷின்ல அடிச்சு கார்டை வைக்கச் சொல்றான், டிக்ளைன். திரும்ப அடிக்கிறான், திரும்பவும் டிக்ளைன். அம்மா சூட்கேஸ் மேல கைய வச்சுட்டு "என்னப்பா, காசு இல்லையா?"ன்னு கேட்டாங்க பாருங்க, அந்த நிமிஷம் எனக்கு வேர்த்துருச்சு. பழைய ஹோல்டு அப்படியே நிக்கறப்ப, அது மேல அதே தொகையை இன்னொரு தடவை கேட்டா பேங்க் எங்க இருந்து குடுக்கும்? நல்லவேளை, செக் இன் அன்னைக்கு குடுத்த ஸ்லிப்பை பாஸ்போர்ட் கவர்ல வச்சிருந்தேன். சூப்பர்வைசரா இருந்த பொண்ணு தமிழ் தான், "அண்ணா, அந்த ஸ்லிப் இருந்தா குடுங்க"ன்னு வாங்கி, அதுல இருந்த 6 இலக்க அப்ரூவல் கோடை மெஷின்ல போட்டு, ஏற்கனவே பிடிச்சு வச்ச தொகையில இருந்தே பில்லை எடுத்துக்கிட்டாங்க. ரெண்டு நிமிஷ வேலை.

அதனால முதல் விஷயம் இது தான்: ஹோட்டல்ல செக் அவுட் பண்றப்ப "புதுசா சார்ஜ் பண்ணாதீங்க, செக் இன்ல போட்ட ப்ரீ ஆத்தரைசேஷனையே முடிச்சுக்கோங்க"ன்னு வாயைத் திறந்து கேட்டுருங்க, அந்த ஹோல்டுக்கு அவங்க சொல்ற பேரு தான் ப்ரீ ஆத்தரைசேஷன். அந்த ஸ்லிப்பை தூக்கிப் போடாதீங்க. நீங்க கேக்காம விட்டு, லிமிட் நிறைய இருந்ததால புது சார்ஜும் போயிருச்சுன்னா, பழைய ஹோல்டு விடுபட சில நாள்ல இருந்து ரெண்டு மூணு வாரம் வரைக்கும் கூட ஆகலாம், அதுவரைக்கும் ஒரே பில் உங்க லிமிட்டை ரெண்டு மடங்கா தின்னுட்டு இருக்கும். அங்க இருந்து கோலாலம்பூர், பினாங்குன்னு அடுத்த ஊருக்கு போறவங்களுக்கு இது ரொம்ப பெரிய இடி, ஏன்னா அடுத்த ஹோட்டலும் ஹோல்டு போடும். வாடகை கார் எடுத்தா அவங்களும் போடுவாங்க, அமெரிக்கா ஐரோப்பா பக்கம் ஆள் இல்லாத பெட்ரோல் பங்குல கூட நீங்க அடிக்கிற பெட்ரோலை விட பெரிய தொகைக்கு முதல்ல ஹோல்டு விழும்.

நான் இப்ப என்ன பண்றேன்னா, ரெண்டு கார்டை தனித்தனி வேலைக்கு ஒதுக்கிடறேன். ஒண்ணு ஹோட்டல், வாடகை கார் மாதிரி ஹோல்டு போடுற இடத்துக்கு மட்டும். இன்னொண்ணு சாப்பாடு, ட்ரெயின், கடை கண்ணிக்கு. ரெண்டும் வேற வேற பேங்கா இருக்கணும், முடிஞ்சா ஒண்ணு விசா, ஒண்ணு மாஸ்டர்கார்டு. ரெண்டையும் ஒரே பர்ஸ்ல வைக்காதீங்க, ஒண்ணு உங்ககிட்ட, ஒண்ணு வீட்டுக்காரம்மா கைப்பையில. ஹோட்டல் காசை முன்னாடியே கட்டிட்டு போனீங்கன்னா ஹோல்டு டெபாசிட்டோட நின்னுரும், லிமிட் கம்மியா இருக்கறவங்களுக்கு இது தான் நல்ல வழி.

சரி, கிளம்புறதுக்கு முன்னாடி பேங்க் ஆப்பை திறந்து உக்காருங்க. 2020 அக்டோபர்ல இருந்து ரிசர்வ் பேங்க் விதிப்படி புதுசா குடுக்கற கார்டு, மாத்திக் குடுக்கற கார்டு எதுலயும் இன்டர்நேஷனல், அதாவது வெளிநாட்டுல தேய்க்கற வசதி, ஆன் ஆகி வராது, நாம தான் ஆன் பண்ணணும். இதுல நிறைய பேர் தப்பு பண்ற இடம் என்னன்னா, இன்டர்நேஷனலை ஆன் பண்ணிட்டு வேலை முடிஞ்சதுன்னு நினைச்சுக்குவாங்க. உள்ள போனா கடை மெஷின், டேப், ஆன்லைன், ஏடிஎம்னு தனித்தனி ஸ்விட்ச் இருக்கும், ஒவ்வொண்ணுக்கும் தனி லிமிட் வேற இருக்கும். கார்டு லிமிட் 2 லட்சமா இருந்தாலும் அந்த இன்டர்நேஷனல் லிமிட் ரொம்ப சின்னதா செட் ஆகி கிடந்தா அதுக்கு மேல போகாது, ஹோட்டல் ஹோல்டும் அதுல அடிபடும், அதனால அதையும் பாத்து ஏத்தி விடுங்க. ஏடிஎம் ஸ்விட்சை மட்டும் ஆஃப்லயே விட்டுருங்க. கிரெடிட் கார்டுல கேஷ் எடுத்தா பெரும்பாலான பேங்குல 2.5 சதவீதம், குறைஞ்சது 500 ரூபான்னு ஒரு ஃபீஸ், எடுத்த நாள்ல இருந்தே வட்டி, அதுக்கு மேல வெளிநாட்டு காசை ரூபாயா மாத்தறதுக்கு பேங்க் போடுற ஃபாரெக்ஸ் மார்க்கப், இவ்வளவும் சேர்ந்து விழும். கையில கொஞ்சம் காசு வேணும்னா ஊர்லயே மாத்தி எடுத்துட்டு போயிருங்க.

பின் நம்பர் ஞாபகம் இருக்கான்னு ஒரு தடவை நம்ம ஊர் கடையிலயே போட்டு பாத்துக்கோங்க. ஐரோப்பா ஸ்டேஷன்ல டிக்கெட் மெஷின் முன்னாடி நின்னு யோசிச்சு ஒண்ணும் ஆகாது, மூணு தடவை தப்பா போட்டா கார்டே லாக் ஆயிரும்.

அடுத்து ஓடிபி. நம்ம சிம்ல இன்டர்நேஷனல் ரோமிங் ஆன் ஆகலைன்னா அங்க போனதும் மெசேஜ் வராது, ஓடிபி வரலைன்னா நெட் பேங்கிங் உள்ள போக முடியாது, பில் கட்ட முடியாது, ஓடிபி கேக்கற சைட்ல ஒரு டிக்கெட் கூட புக் பண்ண முடியாது. அங்க போய் லோக்கல் சிம் வாங்கிட்டு நம்ம சிம்மை கழட்டி பர்ஸ்ல போடுற பழக்கம் நிறைய பேருக்கு இருக்கு, தயவு செஞ்சு அதை பண்ணாதீங்க. ரெண்டு சிம் போடுற போனா இருந்தா நம்ம நம்பர் ஒரு பக்கம் இருக்கட்டும், டேட்டாவை மட்டும் லோக்கல் சிம்முக்கு மாத்திக்கோங்க. ஓடிபி மெயிலுக்கும் வர்ற மாதிரி பேங்க்ல வசதி இருந்தா அதையும் போட்டு வைங்க.

இன்னொண்ணு, பேங்க்கோட 1800 நம்பர் வெளிநாட்டுல இருந்து பெரும்பாலும் போகாது. +91ல ஆரம்பிக்கிற நம்பர் கார்டுக்கு பின்னாடியோ பேங்க் வெப்சைட்லயோ இருக்கும், அதை போன்ல சேவ் பண்ணுங்க, ஒரு பேப்பர்லயும் எழுதி வைங்க, போனும் சேர்ந்து தொலைஞ்சா பேப்பர் தான் துணை. நீங்க பண்ணாத சார்ஜ் ஏதாவது மெசேஜ்ல வந்தா, ஊருக்கு போய் பாத்துக்கலாம்னு விடாதீங்க, உடனே ஆப்ல கார்டை லாக் பண்ணிட்டு புகார் குடுத்து புகார் நம்பரை வாங்கி வைங்க. ரிசர்வ் பேங்க் 2017ல போட்ட விதிப்படி, உங்க தப்பும் இல்லாம பேங்க் தப்பும் இல்லாம வெளிய நடந்த மோசடியை 3 வேலை நாளைக்குள்ள சொல்லிட்டா உங்க தலையில ஒரு ரூபா கூட விழாது. லேட்டா சொல்ல சொல்ல நம்ம பங்கு ஏறும்.

பில் கட்டுற விஷயத்துக்கு வர்றேன். ட்ரிப் தேதியையும் ட்யூ டேட்டையும் ஒரு காலண்டர்ல பக்கத்துல பக்கத்துல வச்சு பாருங்க. ட்யூ டேட் நீங்க அங்க இருக்கறப்ப வருதுன்னா, முழு தொகைக்கும் ஆட்டோ பே போட்டுருங்க, மினிமம் ட்யூவுக்கு இல்ல. ஆட்டோ பே பதிவாக நாள் ஆகும், கிளம்புற முந்தின நாள் போட்டு பிரயோஜனம் இல்ல. 3 நாள் தாண்டுனா தான் பேங்க் லேட் ஃபீ போடணும்னு விதி இருக்கு, ஆனா அதை நம்பி இருக்காதீங்க, அங்க வைஃபை கிடைக்காம போற நாள் தான் அந்த மூணாவது நாளா இருக்கும். கிளம்புறதுக்கு ஒரு வாரம் முன்னாடி, பில் வந்திருந்தாலும் வராட்டியும், பாக்கி மொத்தத்தையும் கட்டிட்டா லிமிட் முழுசா திரும்பிரும். நான் அந்த 45 ஆயிரத்தை முன்னாடியே கட்டியிருந்தா அந்த நாலு நாளும் நிம்மதியா இருந்திருப்பேன். அதுக்கும் பத்தாதுன்னா ஆப்ல லிமிட் கூட்டித் தரச்சொல்லி கேளுங்க, முன்கூட்டியே கேளுங்க. லிமிட்டுக்கு மேல போனாலும் சார்ஜ் போகட்டும்னு ஓவர் லிமிட்டுக்கு சம்மதம் குடுக்கறதா இருந்தா அதுக்கு ஃபீஸ் உண்டுன்னு தெரிஞ்சு குடுங்க.

கடையில கார்டை வச்சதும் சில மெஷின்ல ரூபாயா, டாலரான்னு கேக்கும். ரூபாய்ல காட்டுதே, புரியுதேன்னு கை அங்க போகும். டாலரையே அமுக்குங்க, எந்த ஊரா இருந்தாலும் அந்த ஊர் காசையே. ரூபாயை அமுக்குனா ரேட்டை முடிவு பண்றது கடைக்காரரோட மெஷின் கம்பெனி, அதுல அவங்க லாபம் நல்லா ஏத்தி இருக்கும், அதுக்கு மேல நம்ம பேங்குகள் பலதும் 1 சதவீதம் தனியா போடும். கடைக்காரர் உங்களைக் கேக்காம ரூபாய்ல அடிச்சுட்டா, ஸ்லிப்பை பாத்து அங்கயே கேன்சல் பண்ணி திரும்ப அடிக்கச் சொல்லலாம், கூச்சப்படாதீங்க.

மார்க்கப் சாதாரண கார்டுல 3.5 சதவீதம், அது மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 4.13. ஒரு லட்சம் செலவு பண்ணா 4,130 ரூபா சும்மா போகுது. மார்க்கப் கம்மியா இருக்கற கார்டு, மார்க்கப்பே இல்லாத கார்டும் இருக்கு, வருஷத்துக்கு ஒரு தடவை போறவங்க கூட அதுல ஒண்ணு வாங்கி வைக்கலாம். முன்னாடியே வெளிநாட்டு காசை ஏத்தி வச்சுக்கற ஃபாரெக்ஸ் கார்டும் நல்லது தான், ஆனா அதுல ஏத்துற பணம் எல்ஆர்எஸ் கணக்குல, அதாவது வெளிநாட்டுக்கு ஒரு ஆள் அனுப்புற பணத்துக்கான ரிசர்வ் பேங்க் கணக்குல வரும், 2025 ஏப்ரல்ல இருந்து வருஷத்துக்கு 10 லட்சம் தாண்டுனா டிசிஎஸ்னு ஒரு வரியை முன்கூட்டியே பிடிப்பாங்க. வெளிநாட்டுல நின்னு கிரெடிட் கார்டை தேய்க்கறது இப்போதைக்கு அந்த கணக்குல வரல.

சிங்கப்பூர்ல எம்ஆர்டிங்கற மெட்ரோ ட்ரெயின், பஸ் ரெண்டுலயும் கார்டை நேரா டேப் பண்ணிட்டு போகலாம். ஒரு ஆளுக்கு ஒரு கார்டு, ஏறுறப்ப எந்த கார்டோ இறங்குறப்பவும் அதே கார்டு. வெளிநாட்டு கார்டுன்னா டேப் பண்ற ஒவ்வொரு நாளுக்கும் 60 சிங்கப்பூர் சென்ட் தனியா எடுப்பாங்க. நாலு பேர் நாலு நாள் சுத்தறதா இருந்தா அங்க விக்கிற ட்ராவல் கார்டை வாங்கிடறது எனக்கு சுலபமா தெரிஞ்சது.

திரும்பி வந்ததும் இன்டர்நேஷனல் ஸ்விட்சை ஆஃப் பண்ணுங்க, அப்புறம் ஸ்லிப் எல்லாம் எடுத்து வச்சு ஸ்டேட்மென்ட்டை பாருங்க. மெசேஜ்ல வந்த ரூபாயும் ஸ்டேட்மென்ட் ரூபாயும் கொஞ்சம் வித்தியாசப்படும், அது தப்பு இல்ல, செட்டில் ஆன நாளோட ரேட்டுல தான் பில் வரும். வாங்குன பொருளை திருப்பிக் குடுத்து வந்த ரீஃபண்டும் அதே மாதிரி கொஞ்சம் கூடக்குறைய வரும். பாக்க வேண்டியது ஒரே பில் ரெண்டு தடவை வந்திருக்கா, ஹோட்டல் டெபாசிட் ஹோல்டு விடுபட்டுருச்சா, இது ரெண்டும் தான். மூணு வாரம் தாண்டியும் ஹோல்டு நின்னா ஹோட்டலுக்கு ஒரு மெயில் போட்டு, ஹோல்டை விட்டுட்டோம்னு எழுதிக் குடுக்கற ரிலீஸ் லெட்டரை கேட்டு வாங்கி, அந்த அப்ரூவல் கோடோட பேங்குக்கு அனுப்புங்க.