மரவள்ளி விற்கப் போகிறீர்களா? டன் விலை கேட்காதீர்கள், பாயிண்ட் விலை கேளுங்கள்

ஆத்தூர், கெங்கவல்லி, வாழப்பாடி பக்கம் கிழங்கு புடுங்கும் நேரம் வந்தால் எல்லோர் வாயிலும் ஒரே கேள்விதான்: "டன் என்ன விலை போகுது?" வியாபாரி சொல்லும் பதில் உண்மையாகவே இருந்தாலும் அது பக்கத்துக் காட்டுக் கிழங்கின் விலை. ஸ்டார்ச், ஜவ்வரிசி ஆலைக்காரர் காசு கொடுப்பது கிழங்குக்குள் இருக்கும் மாவுக்கு, அந்த மாவின் அளவைச் சொல்லும் எண்தான் பாயிண்ட். அதனால் ஒரு பாயிண்டுக்கு இவ்வளவு என்று பேசி, எத்தனை பாயிண்ட் மாவுச்சத்து வருகிறதோ அதால் பெருக்கித்தான் டன் விலை போடுகிறார்கள். கணக்குக்காக பாயிண்ட் 250 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 28 பாயிண்ட் வந்தால் டன் 7,000. 24 வந்தால் 6,000. ஏக்கருக்கு 12 டன் எடுப்பவருக்கு அந்த நாலு பாயிண்டில் 12,000 ரூபாய் போச்சு, வெட்டுக்கூலி மட்டும் அப்படியே இருக்கும்.

அதனால் வியாபாரியைக் கூப்பிடும் முன் நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள். மாவு தண்ணீரைவிடக் கனம், அதனால் மாவு ஏறிய கிழங்கு தண்ணீருக்குள்ளும் எடை காட்டும். பாயிண்ட் பார்ப்பதன் அடிப்படையே இதுதான். தொங்கவிடும் டிஜிட்டல் தராசு ஒன்று, வலைப்பை ஒன்று, ஒரு டிரம் தண்ணீர் போதும். காட்டில் மேடு, பள்ளம், வாய்க்கால் ஓரம் என்று பல இடத்தில் செடி புடுங்கி, மண் போகக் கழுவி, காம்பை நறுக்கி, ஈரம் துடைத்து, சரியாக 5 கிலோ எடுங்கள். வலைப்பையில் போட்டுத் தராசில் மாட்டி முழுசாக மூழ்க விடுங்கள், பை அடியிலோ பக்கத்திலோ முட்டக்கூடாது. 500 கிராம் காட்டுகிறதா, 400 கிராம் காட்டுகிறதா? 500 காட்டுவதில்தான் மாவு அதிகம். பத்து நாள் கழித்து அதே மாதிரி மறுபடி பாருங்கள், எண் ஏறிக்கொண்டிருந்தால் அவசரப்பட வேண்டாம். வறட்சிக்கு அப்புறம் நல்ல மழை பெய்து செடி புதுசாகத் துளிர் விட்டால் கிழங்கில் இருக்கும் மாவுதான் அங்கே போகும், பாயிண்ட் இறங்கும். மழைக்கு முன்னால் விற்க முடிந்தவர் கெட்டிக்காரர்.

மரவள்ளியில் ஒரு வசதி, மண்ணுக்குள் இருக்கும்வரை சில வாரம் தள்ளிப்போடலாம். ரொம்பத் தள்ளினால் நார் விழும், அது வேறு. ஆனால் புடுங்கிவிட்டால் ரெண்டு மூணு நாளில் உள்ளே கருநீலக் கோடு ஓட ஆரம்பிக்கும், அப்புறம் வந்தவன் சொன்னதுதான் விலை. விலை, வண்டி, எந்த ஆலை, இந்த மூன்றும் முடிவாகாமல் ஆளைக் காட்டுக்குள் இறக்காதீர்கள்.

விலை எந்தப் பக்கம் போகிறது என்று தெரிய சேலம் சேகோசர்வ் டெண்டரைக் கவனியுங்கள். 1981-ல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம், உறுப்பினர் ஆலைகளின் ஜவ்வரிசியும் ஸ்டார்ச்சும் அங்கே டெண்டரில் போகும். ஜவ்வரிசி விலையை 90 கிலோ மூட்டைக் கணக்கில் பேசுவார்கள். ஒருநாள் விலையை நம்பாதீர்கள், ரெண்டு வாரம் சேர்ந்தாற்போல் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பாருங்கள். நம் ஜவ்வரிசியைப் பெருமளவு சாப்பிடுவது மகாராஷ்டிரா மாதிரி வெளிமாநிலங்கள்தான், அதுவும் நவராத்திரி, சிவராத்திரி விரதத்துக்கு. அங்கே கொள்முதல் சூடுபிடித்தால் இங்கே ஆலைக்காரர் குரலும் கொஞ்சம் இறங்கும்.

பேரம் பேசும்போது பாயிண்ட் விலையோடு முடித்துவிடாதீர்கள். வெட்டுக்கூலி, ஏற்றுக்கூலி, வண்டி வாடகை யார் தலையில்? மண்ணுக்கும் காம்புக்கும் எத்தனை கிலோ கழிவு? பாயிண்ட் எடுக்கும்போது நம் ஆள் ஒருத்தர் பக்கத்தில் நிற்கலாமா? இதில் ஒன்றுக்கு மழுப்பினாலும் அடுத்த வியாபாரிக்குப் போன் போடுங்கள். எடைமேடையில் காலி வண்டிச் சீட்டு, லோடு வண்டிச் சீட்டு ரெண்டையும் கேட்டு வாங்குங்கள், பாக்கிப் பணத்துக்குத் தேதி எழுதி வாங்குங்கள். எடையும் பாயிண்டும் பார்க்காமல் காட்டோடு மொத்தமாகப் பேசுவது சுலபம்தான், ஆனால் 5 கிலோ சோதனையில் நல்ல எண் வந்திருந்தால் எனக்கு அதில் சம்மதமே இல்லை, லாபம் முழுக்க வியாபாரிக்கு.

மிச்சப் பணத்தை எதில் போடலாம் என்றால் முதலில் சொட்டுநீர். சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீத மானியம், மற்றவர்களுக்கு 75. பயிர் கிட்டத்தட்ட பத்து மாதம் நிற்பதால் ஆரம்பத்தில் ஊடே சின்ன வெங்காயம் போட்டால் கைச்செலவுக்கு ஆகும். அப்புறம் அடுத்த நடவுக்கான குச்சி. 2020-ல் வந்த மாவுப்பூச்சி குச்சியோடுதான் ஊர் ஊராகப் போகிறது, அதனால் இலவசமாகக் கிடைக்கிறதே என்று கண்ட காட்டுக் குச்சியை வாங்காமல், பூச்சி இல்லாத காட்டை நேரில் பார்த்து எடுங்கள், ரகம் மாற்றுவதாக இருந்தால் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் கேளுங்கள். எடுத்த குச்சியைக் கட்டுக் கட்டி, நிழலில் நிமிர்த்தி வையுங்கள்.