உப்புக்காற்றில் பழைய ரேசர் சேர்ப்பவர்கள் விடும் பிழைகள்

திருகோணமலையில் பழைய வீடொன்றை இடித்துக் கட்டும்போது பெட்டகத்தின் அடியிலிருந்து ஒரு சவர ரேசர் வெளிவருவது இன்றும் நடக்கிறது. 1957 ஒக்டோபர் வரை இது பிரித்தானியக் கடற்படையின் தளம். டொக்யார்டில் வேலை செய்த ஒருவராவது பல குடும்பங்களில் இருந்தார். என் அம்மப்பாவும் அப்படி ஒருவர். அவர் விட்டுப்போன தங்க முலாம் ஜில்லெட், அதாவது பிளேட் மாற்றிப் போடும் ரேசர், ஒன்றில்தான் எனக்கு இந்தச் சேகரிப்பு தொடங்கியது. அதைக் கையில் எடுத்த முதல் நாளே நான் கெடுத்தும் விட்டேன்.

குத்துவிளக்கு மினுக்குவது போலப் புளியும் சாம்பலும் போட்டுத் தும்பால் தேய்த்தேன். பத்து நிமிடத்தில் ரேசர் பளபளத்தது. ஆனால் அது உள்ளே இருந்த பித்தளையின் பளபளப்பு. விளிம்புகளிலும் கைபிடியின் வரிகளிலும் தங்கம் போய்விட்டது, திரும்பி வராது. பழைய ஜில்லெட்டுகளில் பெரும்பாலானவை பித்தளையில் செய்து, மேலே நிக்கலோ வெள்ளியோ தங்கமோ பூசியவை. தங்கப்பூச்சு மிக மெல்லியது. புளி, தேசிக்காய், வினாகிரி மூன்றும் அமிலம். பித்தளை மினுக்கும் பிராசோவில் அராவும் தூளும் அமோனியாவும் உண்டு. நான்கையும் ரேசருக்குக் கிட்டவே கொண்டுபோக வேண்டாம். கொதிநீரும் கூடாது. தங்க முலாமுக்கு மேல் சிலவற்றில் அரக்குப்பூச்சு இருக்கும், அது உரிந்துவரும்.

பழைய ரேசரில் நாம் காணும் அழுக்கில் பெரும்பகுதி காய்ந்த சவர்க்காரம்தான். இளஞ்சூட்டுத் தண்ணீரில் இரண்டு துளி பாத்திரம் கழுவும் திரவம் விட்டு அரை மணி நேரம் ஊறவைத்து, மென்மையான பல்துலக்கியால் தேய்த்தால் போதும். மூலைகளில் இருக்கும் பச்சைக் களிம்பைப் பற்குச்சியால் பொறுமையாக எடுங்கள். அப்புறம் துடைத்து, ஒரு இரவு முழுக்கக் காற்றாட விடுங்கள். முகத்தில் வைக்க முன் மருந்துக்கடை ஸ்பிரிட்டால் ஒருமுறை துடைத்தால் சரி.

அடுத்த பிழை நம் ஊருக்கே உரியது. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் சொல்லும் பாதுகாப்பு முறைகளை அப்படியே இங்கே செய்கிறோம். அவர்களுடைய வீடுகளில் ஹீட்டர் ஓடுகிறது, காற்று காய்ந்திருக்கிறது. உட்துறைமுக வீதியிலோ திருக்கடலூரிலோ உள்ள வீட்டு யன்னல் கம்பியை ஒருமுறை தடவிப் பாருங்கள், நான் சொல்வது விளங்கும். கச்சான் காலத்தில் ஓரளவு பரவாயில்லை. மாரி தொடங்கி வாடைக்காற்று கடலைக் கிளப்பிவிட்டால், துடைத்து வைத்த கார்பன் எஃகுச் சவரக்கத்தியில் ஓரிரண்டு நாளிலேயே செம்புள்ளி விழும். கறள் ஒருமுறை குழி போட்டுவிட்டால் அந்தக் கத்தியின் விலையில் பாதி போய்விட்டது என்றே நான் கணக்குப் பண்ணுவேன்.

எனவே ரேசரைக் குளியலறையில் வைக்கக்கூடாது என்பது முதல் விதி. பலர் மறந்துவிடுவது, அது வந்த தோல் பெட்டியிலும் வைக்கக்கூடாது என்பதை. தோலும் வெல்வெட்டும் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். பெட்டியைத் தனியாக, ரேசரைத் தனியாக வையுங்கள். விற்கும் நாளில் இரண்டையும் சேர்த்துக் கொடுக்கலாம்.

எண்ணெய் விஷயத்தில் தேங்காயெண்ணெயை நம்பி ஏமாந்தவர்கள் நிறையப்பேர். கையில் கிடைக்கிறது, மணமும் நல்லது, ஆனால் நாளடைவில் பிசுபிசுத்துக் காறும். அதிலுள்ள கொழுப்பமிலம் பித்தளையோடு சேர்ந்து பச்சை பிடிக்க வைக்கும். தையல் மெசினுக்கு விடும் தெளிந்த எண்ணெயில் ஒரு துளி, பஞ்சில் தொட்டுப் பூசினால் போதும். மடக்குக் கத்தியாக இருந்தால் ஆணி இருக்கும் இடத்துக்குள்ளும் ஒரு துளி போக வேண்டும்.

ஈரம் உறிஞ்ச, புதுச் சப்பாத்துப் பெட்டியில் வந்த சிலிக்கா பையைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்களையும் கண்டிருக்கிறேன். அந்தப் பை நம் கைக்கு வரும்போதே அநேகமாக நிறைந்துவிட்டது. செம்மஞ்சளிலிருந்து பச்சைக்கு நிறம் மாறும் சிலிக்காவை வாங்குங்கள். பச்சையானதும் ஓவனில் 120 பாகை செல்சியஸ் அளவில் சூடாக்கினால் மறுபடி வேலை செய்யும். றப்பர் விளிம்புள்ள, இறுக மூடும் சாப்பாட்டுப் பெட்டி, அதற்குள் இந்தச் சிலிக்கா, கூடவே ஒரு சிறிய ஈரப்பதமானி. மானி 50 வீதத்துக்குக் கீழே காட்டினால் நிம்மதியாகத் தூங்கலாம்.

இதே உப்புக்காற்றுத்தான் புதிய, விலை கூடிய ரேசர் வாங்கும்போதும் எதை எடுப்பது என்று தீர்மானிக்க வேண்டும். பெயர்பெற்ற ஜேர்மன், ஆங்கில ரேசர்கள் பலவற்றின் தலை ஸமாக் என்ற நாகக் கலவையில் வார்த்து, மேலே குரோம் பூசியது. நன்றாகச் சவரம் செய்யும், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பூச்சில் ஒரு கீறல் விழுந்தால் உள்ளே இருக்கும் நாகம் அரித்து, ஒரு நாள் மரை முறிந்து கைபிடிக்குள்ளேயே நின்றுவிடும். "துருப்பிடிக்காத எஃகு" என்று எழுதியிருந்தாலும் எந்த எஃகு என்று கேளுங்கள். 303 என்பது கடைசலுக்கு வசதியாகக் கந்தகம் சேர்த்தது, உப்பைத் தாங்கும் சக்தி குறைவு. 316 எல் என்பதில் மொலிப்டினம் இருக்கிறது. படகுச் சாமான்களுக்குப் போடும் எஃகு அதுதான். கடற்கரையில் இருக்கும் நாம் இந்த வித்தியாசத்துக்குக் கூடுதல் காசு கொடுக்கலாம். டைட்டானியத்துக்கு உப்புப் பயமே இல்லை, விலைதான் பயம்.

மடக்குச் சவரக்கத்திக்கு வருவோம். ஜேர்மனியின் சோலிங்கனிலோ இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலோ செய்த கத்தி ஒன்று கிடைத்தவுடன் அதை வீதியில் சாணை பிடிப்பவரிடம் கொடுப்பதைவிடப் பெரிய பிழை இந்தப் பொழுதுபோக்கில் இல்லை. ஏகாம்பரம் வீதிப் பக்கம் சலூன் வைத்திருந்த வயதான அண்ணை ஒருவரிடம் நான் முதல் கத்தியைக் கொண்டுபோனபோது அவர் கேட்ட முதல் கேள்வியே, "தம்பி, இத சில்லில பிடிக்கக் குடுத்தனீங்களோ?" என்பதுதான். இல்லை என்றேன். "நல்லது. குடுத்திருந்தா நான் தொட்டிருக்க மாட்டன்" என்றார்.

காரணத்தையும் அவரே காட்டினார். கத்தியின் இரு பக்கமும் குழிவாகக் கடைந்திருக்கும், அலகு கடதாசி போல மெல்லியது. முதுகும் அலகும் ஒரே நேரத்தில் கல்லில் படுத்திருக்க வேண்டும். எந்தக் கோணத்தில் தீட்டுவது என்பதை முதுகே தீர்மானிக்கும்படிதான் கத்தி செய்யப்பட்டிருக்கிறது. சுழலும் சாணையில் அந்தக் கோணம் போய்விடும், சூட்டில் எஃகின் பதமும் போய்விடும். அலகில் நீலம் பூத்திருந்தால் அந்த இடம் இனிக் கூர் நிற்காது. தட்டையான தண்ணீர்க்கல்லில், கல்லின் நுண்மையைக் காட்டும் எண் 1000 இல் தொடங்கி 8000 அல்லது அதற்கு மேல் போய், கடைசியில் தோல்வாரில் இழுத்து முடிக்க வேண்டும். இப்போது சலூன்களில் பிளேட்டைப் பாதியாக முறித்துச் செருகும் கத்திதான் பாவிக்கிறார்கள். அதனால் இந்தக் கை தெரிந்தவர்கள் அருகிவிட்டார்கள். உங்கள் பகுதியில் அப்படி ஒருவர் இருந்தால் தயவுசெய்து போய் இருந்து பாருங்கள்.

கத்தியின் பிடியும் கவனிக்க வேண்டியது. நிறமாக, ஆமையோடு போலவோ தந்தம் போலவோ இருக்கும் பல பழைய பிடிகள் செலுலாய்ட். அது கற்பூரம் சேர்த்துச் செய்த பொருள். விரலால் சூடுபறக்கத் தேய்த்து மணந்தால் கற்பூர வாசம் வரும். முதுமையில் செலுலாய்ட் தானாகவே சிதைந்து நைத்திரிக்கமில ஆவியை விடும். ஒரு பிடி அழுகத் தொடங்கினால் அந்தக் கத்தி மட்டுமல்ல, அதே பெட்டியில் இருக்கும் மற்ற எல்லாக் கத்திகளும் கறள் பிடிக்கும். மேலே சொன்ன இறுக மூடும் பெட்டிக்குள் செலுலாய்ட் பிடி எதையும் வைக்காதீர்கள். காற்றோட்டமான வேறு இடத்தில், தனித்தனியாக வையுங்கள்.

உண்மையான தந்தமாக இருந்தால் சிக்கல் வேறு. ஆசிய யானை 1975 முதல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான முதலாம் பட்டியலில் இருக்கிறது. 2016 ஜனவரியில் காலிமுகத்திடலில் ஏறத்தாழ ஒன்றரைத் தொன் தந்தத்தை நொறுக்கி அழித்த நாடு நம்முடையது. தந்தப் பிடியுள்ள கத்தியை வெளிநாட்டிலிருந்து தருவிக்க நினைக்கவே வேண்டாம்.

காலத்தைக் கணிப்பதில் விடும் பிழை காசைத் தின்னும். பழைய ஜில்லெட்டில் 1904 நவம்பர் 15 என்று பொறித்திருப்பதைப் பார்த்துவிட்டு, "நூற்றிருபது வருடப் பொருள்" என்று விலை சொல்வார்கள். அது கிங் கேம்ப் ஜில்லெட்டுக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்த நாள். பல வருடங்களுக்குப் பிறகு செய்த ரேசரிலும் அதே நாள் இருக்கும். விற்பனை தொடங்கிய 1903 இல் போனது 51 ரேசர்கள்தான், அடுத்த வருடம் 90 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. முதலாம் உலகப் போரில் அமெரிக்கப் படைக்கு மட்டும் 35 லட்சம் போயின. ஆகவே "போர்க்காலம், இராணுவப் பெட்டி" என்ற சொல்லுக்காக இரட்டிப்பு விலை கொடுக்க வேண்டியதில்லை. 1950களிலிருந்து அமெரிக்காவில் செய்தவற்றின் அடியில் ஓர் ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். எழுத்து ஆண்டு, எண் காலாண்டு. ஏ என்றால் 1955, ஈ என்றால் 1959. ஈ 4 என்பது 1959 இன் கடைசிக் காலாண்டு. நம் ஊர்ப் பெட்டகங்களில் கிடைப்பது கூடுதலாக இங்கிலாந்தில் செய்தவை. அவற்றை இந்த முறையில் கணிக்கப் போகாதீர்கள்.

ஷெஃபீல்ட் கத்தியில் "இங்கிலாந்து" என்றும் பொறித்திருந்தால் அது பெரும்பாலும் 1891 க்குப் பிந்தியது. செய்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று 1890 இல் அமெரிக்கா சட்டம் போட்டதன் விளைவு அது. நிக்கல் பெட்டிக்குள் கல்லும் வாரும் சேர்ந்த ரோல்ஸ் ரேசரும் இங்கே அடிக்கடி தென்படும். கனமாக, அழகாக இருக்கும். ஒன்று வாங்கி வையுங்கள், எனக்கும் அது பிடிக்கும். ஆனால் 1927 தொடங்கிப் பல்லாண்டு ஏராளமாகச் செய்த பொருள் அது, விலை ஏறும் என்று மூன்று நான்கு சேர்க்காதீர்கள்.

நம்மில் பலருக்கு ரேசர் வரும் வழி இலண்டனிலோ டொரொன்டோவிலோ இருக்கும் உறவுதான். மச்சானிடம் "ஒரு பழைய ரேசர் பார்த்து வாங்கு" என்று மட்டும் சொன்னால், படத்தில் பளபளப்பாகத் தெரிவதைத்தான் வாங்கி அனுப்புவார். அவருக்கு எதைப் பார்ப்பது என்று சொல்லிக் கொடுங்கள். கைபிடியின் கழுத்தில் மயிர்க்கோடு போல வெடிப்பு இருக்கிறதா? பிளேட்டுக்குக் கீழே இருக்கும் சீப்புப் பற்கள் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றனவா? பிளேட் போட்டால் இரு பக்கமும் ஒரே அளவு வெளித்தெரிகிறதா? பிளேட் போடத் தலை கதவு போலத் திறக்கும் வகையென்றால் இரண்டு கதவும் சமமாக மூடுகின்றனவா? மறுமுலாம் பூசியதா என்று விற்பவரிடம் நேரடியாகக் கேட்கச் சொல்லுங்கள். புது முலாம் சவரத்துக்கு நல்லது, சேகரிப்பு விலையைக் குறைக்கும். தலை ஒன்றிலிருந்தும் கைபிடி இன்னொன்றிலிருந்தும் பொருத்தியவையும் சந்தையில் நிறைய. அப்புறம், மடக்குக் கத்தியையோ பிளேட்டையோ கைப்பையில் போட்டுக்கொண்டு விமானம் ஏற வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். எனக்கு வரவிருந்த ஒரு நல்ல ஷெஃபீல்ட் கத்தி அப்படிப் போனது.

முதலீடு என்ற பேச்சை நான் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. 2022 தொடக்கத்தில் டொலர் 200 ரூபாயளவில் இருந்தது, மே மாதம் 360 அளவுக்குப் போனது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் 100 டொலருக்கு, அதாவது 20,000 ரூபாய்க்கு வாங்கிய ரேசரை மே மாதத்தில் 85 டொலருக்கு விற்ற ஒருவர் கையில் 30,600 ரூபாய் இருந்தது. "ரேசரில் பத்தாயிரம் இலாபம்" என்று அவர் நம்பினார். இலாபம் டொலரில் வந்தது, ரேசரில் 15 டொலர் நட்டம். இந்தக் குழப்பத்தில் கடன்பட்டு வாங்கியவர்களை எனக்குத் தெரியும், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். வாங்கிய விலையை இரண்டு நாணயத்திலும் எழுதி வையுங்கள். தபால் செலவு, சுங்கத்தீர்வை, விற்கும்போது போகும் தரகு எல்லாவற்றையும் சேருங்கள். விலை பார்க்கும்போது விற்பவர் கேட்கும் விலையை விட்டு, விற்று முடிந்த விலையைத் தேடுங்கள். கனடாவின் வூல்ஃப்மன் போன்ற சிறு பட்டறைகளின் ரேசர்கள் கைமாறும்போது புதுவிலையைத் தாண்டிப் போனது உண்மை. ஆனால் பட்டறை உற்பத்தியைக் கூட்டினால் அந்த மேலதிகம் கரையும். இலங்கைக்குள் வாங்குவோர் மிகக் குறைவு, அவசரத்துக்கு விற்கவும் முடியாது. பிள்ளையின் படிப்புக்கு வைத்த காசு இதற்குள் போகக்கூடாது.

இன்னொன்று. சேர்த்து வைத்ததைப் பற்றி வீட்டில் யாருக்கும் சொல்லாமல் இருப்பது. அம்மப்பாவிடம் மூன்று ரேசர்கள் இருந்ததாம். மற்ற இரண்டும் பழைய இரும்புக்காரரிடம் நிறுத்துக் கொடுக்கப்பட்டன என்று அம்மா பிறகுதான் சொன்னார். இப்போது என் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு சிறு அட்டை இருக்கிறது: என்ன ரேசர், எந்த ஆண்டு, எங்கே வாங்கியது, என்ன விலை, யாரிடம் கேட்டு விற்கலாம். தங்கம் போன அந்த ஜில்லெட்டின் அட்டையில் விலை என்ற இடத்தில் ஒன்றும் எழுதவில்லை. "விற்க வேண்டாம், வெள்ளிக்கிழமைச் சவரத்துக்கு" என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.